இலை மடியும் நேரம்

பழைய பாவடித் தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் விழித்த காலம் ஒன்று இருந்தது. கேட்டால் இப்போது தெருவில் பாதிப்பேர் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள், மீதிப்பேர் அது வெயில் காலத்து அசதி என்பார்கள், ஆனால் அந்தக் காலத்தில் ஒரு மாலை தெரியாமல் அந்தத் தெருவுக்குள் வந்துவிட்ட கேபிள்காரர் மட்டும், ஏணியின் நடுப்படியில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை தூங்கியதில் தன் கழுத்து இன்னும் இடதுபக்கம் திரும்புவதில்லை என்று சொல்லி, திருப்பியும் காட்டுவார்.

காவிரிக் கரையில் இருக்கும் தறி ஊர் அது. அங்கே தறிச் சத்தம் நின்றால்தான் குழந்தைகள் பயந்து அழும். ஒருவர் எழுந்துபோன பாயில் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுப்பார், படுத்தவரின் கனவுக்குள்ளும் தறியின் நாடா இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கும், தூக்கம் என்பது ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்கிற சோறு மாதிரிதான் அங்கே எல்லோருக்கும். அப்படி அள்ளிப் போட்டுக்கொள்ளவும் பயந்தவளாகத்தான் வசந்தாமணியின் மகள் கோகிலா, திருப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள்.

அங்கே அவளுக்குக் கழுத்து நிற்காத ஆண் குழந்தை. பனியன் கம்பெனி வேலை, வீட்டு வேலை, ராத்திரியெல்லாம் பிள்ளையின் அழுகை என்று ஓய்ந்துபோனவள் ஒரு மதியம் பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்தாள். விழித்தபோது பிள்ளை குளிர்ந்திருந்தது. சில பச்சைப் பிள்ளைகள் இப்படிக் காரணமில்லாமல் போய்விடுவது உண்டு, இது யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்த வீட்டில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. மாமியார்க்காரி துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "எம் பேரன் சாகறப்ப இவ தூங்கிட்டிருந்தா."

பாவடித் தெரு அவ்வளவு கொடுமையானதல்ல. ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். எதிர்வீட்டுச் சரசாளும் ஆறுதல் சொல்லத்தான் வந்தாள்; காப்பியை வாங்கிக் குடித்தாள், கோகிலாவின் தலையைத் தடவினாள், பிறகு மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், விவரம் கேட்கிற மாதிரியே கேட்டாள்:

"அதெப்படி அம்மிணி, பால் குடிக்கிற பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பெத்தவளுக்குக் கண்ணு மூடுச்சு?"

அன்றிலிருந்து கோகிலாவுக்குக் கண் மூடவில்லை. பாலில் ஜாதிக்காய் இழைத்துக் கொடுத்தார்கள், தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், பெரியாஸ்பத்திரி மாத்திரை அவள் கைகால்களைத் தூங்கவைத்தது, நாக்கைத் தூங்கவைத்தது, கண்கள் மட்டும் திறந்தே கிடந்தன. படுத்தால் உத்தரத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தால் தன் மடியைப் பார்த்தாள்.

வசந்தாமணி, தெருக்கோடியில் பொங்கியண்ணன் தறிப்பட்டறையில் நாடாவுக்குத் தார் நூல் சுற்றுகிறவள். பகலெல்லாம் மகளைத் தனியே விட்டுப் போகவேண்டியிருந்ததால், அவள் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க நினைத்து, மாடிப்படி ஓரத்தில் கிடந்த ஒரு தொட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தாள். முந்தின வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கியது. ஒரு தண்டுக்கு மூன்று இலை, கத்தரிக்காய்த் தோல் நிறம், மூன்று பட்டாம்பூச்சிகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. பட்டாம்பூச்சிச் செடி என்றுதான் அவன் விற்றான். சரசாள் ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டு, "அட, நம்ம சாக்கடை ஓரத்துப் புளியாரைதான்டி இது, சாயப்பட்டறையில முக்கி எடுத்துட்டு வந்திருக்கான்" என்றாள். போன கோடையில் அது முழுசாகக் காய்ந்து மண்ணோடு படுத்துவிட்டது. செத்ததென்று வசந்தாமணி படிக்கடியில் தள்ளிவிட்டு மறந்துபோனாள். முதல் மழைக்கு அது இருட்டிலேயே முளைவிட்டு, வெளிச்சம் எங்கே என்று தலையை நீட்டிக்கொண்டு வந்தது. மண்ணுக்குள் சின்ன வெங்காயம் போலக் கிழங்குகள் இருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

கோகிலா அந்தச் செடியை எடுத்துக்கொண்டாள். மண்ணைக் கொட்டி ஆற்றுமணல் கலந்தாள். காலையில் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும், இலைமேல் படாமல் தொட்டி ஓரமாகச் சுற்றித் தண்ணீர் விட்டாள். ஒரே பக்கம் சாயாமலிருக்கத் தொட்டியை அவ்வப்போது திருப்பினாள். பழுத்த இலையைப் பாதியில் கிள்ளாமல் தண்டின் அடிவரை விரலை இறக்கி மெதுவாகக் கழற்றி எடுத்தாள். உச்சி வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தினாள், அவளும் கூடவே நகர்ந்து உட்கார்ந்தாள். தூங்காத பெண்ணுக்கு நாள் நீளமானது. அந்த நீளம் முழுவதையும் செடிக்குக் கொடுத்தாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் அது பூத்தது. வெளிறிய ரோஜா நிறத்தில், ஐந்து இதழ், குழந்தை நகம் அளவு. வெளிச்சம் குறைந்தபோது பூ கூம்பியது; இலைகள் மூன்றும் ஈரக் குடை போலத் தண்டோடு இறங்கின; எதிரே உட்கார்ந்திருந்த கோகிலாவின் இமைகளும் அதே மெதுவில் இறங்கின. மகளே என்று ஓடிவந்த வசந்தாமணி வாசற்படி தாண்டுவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கினாள், எதிர்வீட்டில் சரசாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் தூங்கினாள், தெருநாய் குரைக்கத் திறந்த வாயோடு தூங்கியது, பட்டறையில் தறிகள் ஓடி ஓடி நூல் அறுந்து ஒவ்வொன்றாக நின்றன, அவற்றின் முன்னால் ஆட்கள் நின்றபடியே தூங்கினார்கள். அடுப்பில் இருந்தவை எதுவும் கருகவில்லை. அடுப்புகளும் தூங்கியிருக்கவேண்டும், அதை யாரும் ஆராயவில்லை.

விடிந்து இலை விரிந்ததும் தெரு விழித்தது. சரசாள் முதலில் திட்டின் மீதியைச் சொல்லி முடித்தாள். பிறகு வெளியே வந்து, "யாரோ கம்பளி போத்திவிட்ட மாதிரி இருந்துச்சுடி ராத்திரி" என்றாள். வசந்தாமணி மகளின் கன்னத்தில் பாயின் கோரைத் தடம் பதிந்திருந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள் கோகிலா.

தெருவுக்கு அது பழகிவிட்டது. எந்தத் தெருவுக்கும் எதுவும் பழகிவிடும். வெயில் சாய்ந்ததும் சோறு தின்றுவிட வேண்டும், கன்றுக்குட்டியைக் கட்டிவிட வேண்டும், டிவியில் மருமகள் விஷம் கலப்பதை மறுநாள் மறு ஒளிபரப்பில்தான் பார்க்கவேண்டும் என்று ஒழுங்கு தானாக ஏற்பட்டது. "இலை மடியப் போகுது, இலை மடியப் போகுது" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட, பெண்கள் பாலை இறக்கி வைத்தார்கள், ஆண்கள் பாதி பீடியை மிதித்தார்கள். சர்க்கரை நோய்க்காரர்களும் கடன்காரர்களும் காதல் தோற்றவர்களும் பக்கத்துத் தெருக்களிலிருந்து பாயோடு வந்து சாக்கடை ஓரம்வரை படுத்தார்கள். ஒருமுறை திருடன் வந்தான். விடியலில் சரசாள் வீட்டு அண்டாவை அணைத்துக்கொண்டு தூங்கியபடி கிடைத்தான். "பாவம், எத்தனை நாள் தூக்கமோ" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

செடி கோகிலாவுடையது என்பது அந்த நாட்களில் எப்போதோ மறந்துபோயிற்று.

முதலில் மனக்குறை பட்டவர் பொங்கியண்ணன். இரவு ஷிப்ட் முழுக்கத் தறிகள் நின்றன. அவர் சண்டை பிடிக்கிறவர் இல்லை. ஒரு மாலை வெளிச்சம் இருக்கும்போதே வயர் இழுத்து, செடிக்கு நேர் மேலே வெள்ளை பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். "வெளிச்சத்துல செடி இன்னும் நல்லா வளரும் கண்ணு" என்று கோகிலாவிடம் சொல்லவும் செய்தார். அன்று இலை மடியவில்லை. மறுநாளும் மடியவில்லை. தறிகள் ஓடின, தெரு விழித்துக்கிடந்தது, இப்போது பழையபடி அள்ளிப் போட்டுக்கொள்கிற தூக்கமும் யாருக்கும் வரவில்லை. ஆத்திரத்தில் யாரோ பட்டப்பகலில் செடிமேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார்கள். இருட்டு என்று நம்பி இலைகள் மடிந்தன. காற்று கூடையை உருட்டுகிறவரை நடுப்பகலில் தெரு விழுந்து தூங்கியது. பள்ளிக்கூட வேன் முனையில் நின்று ஹாரன் அடித்து அடித்துக் களைத்துத் திரும்பிப் போனது.

ஆக பஞ்சாயத்து கூடியது. மாரியம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்: மதியம் இரவு ஷிப்ட்காரர்களுக்காகக் கூடை, பிறகு கூடையை எடுத்து வெளிச்சம், மாலையில் பிள்ளை குட்டிக்காரர்களுக்காக மறுபடி கூடை, அவர்கள் தூங்கி எழுந்ததும் பட்டறைக்காக பல்பு, விடியும் முன்னால் பல்பை அணைத்துக் கொஞ்சம் வயசாளிகளுக்காக. கூடையைக் கயிறு கட்டி இழுக்கவும் பல்பைப் போடவும் தூக்கம் எட்டாத அடுத்த தெருமுனையில் ஒரு ஆளை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

வசந்தாமணி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "ஏனுங்க, அதுக்கு வலிக்காதுங்களா? மூடித் தொறந்து மூடித் தொறந்து... பூவெல்லாம் கொட்டிப் போச்சுங்க. எம் பொண்ணு அதை வச்சுத்தான்..."

"அம்மிணி" என்றார் பொங்கியண்ணன் மிகவும் தன்மையாக, "உன் வீட்டு வாசல்ல இருக்குதுங்கறதுக்காக அது உன்னுதாயிருமா? மழை உங்க ஓட்டு மேல பேயுதுன்னா மேகம் உங்களுதா?"

கூட்டம் சிரித்தது. நல்லபடியான சிரிப்புதான், வசந்தாமணியும் சிரிக்கவேண்டியதாயிற்று.

கோகிலா தூங்கினாள், தெருவின் அட்டவணைப்படி, கூடைக்கும் பல்புக்கும் நடுவே துண்டு துண்டாக. விழிக்கிற ஒவ்வொரு தடவையும் முதல் நொடியில் அவள் கை பாயில் பக்கத்தில் தடவிப் பார்த்தது. ஒரு முழு ராத்திரி தூங்கியபோது ஒரு தடவைதான் தடவிப் பார்க்கவேண்டியிருந்தது.

மாசி பிறந்து வெயில் ஏறியதும் இலைகளின் ஓரம் சுருண்டது. தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, ஈரத்துணி பிழிந்துபோட்ட மாதிரித் தொட்டி விளிம்பில் தொங்கின. கோகிலா தண்ணீரை நிறுத்தினாள். காய்ந்ததைக் கழற்றிவிட்டு, பல்பையும் கூடையையும் ஒதுக்கித் தள்ளி, தொட்டியைத் தூக்கிப் படிக்கடியில் இருட்டில் வைத்தாள்.

தெரு திரண்டு வந்தது.

"எங்கடி செடி?" என்றாள் சரசாள்.

"தூங்குதுங்கத்தை" என்றாள் கோகிலா. ரொம்ப நாளுக்குப் பிறகு தெருவோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. "போன வருசமும் இப்படித்தான் படுத்துச்சாம். கிழங்கு உசுரோட இருக்குது. தண்ணி படாம இருட்டுல விட்டா மழைக்குத் தானா வரும். எழுப்பக்கூடாதுங்க."

"நம்மளைத் தூங்க வைக்கிறதுதான் அதுக்கு வேலை. அது தூங்கிட்டா நாம என்ன பண்றது?"

"கொஞ்ச நாள்தானுங்க. மழை வரைக்கும்."

"கொளுத்துற வெயில்ல தண்ணி காட்டாம, பூட்டி வச்சு..." சரசாள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றது அவள் முகத்தில் தெரிந்தது. தூக்கம் கெட்டவளுக்கு அந்த ஒரு நொடிக்கு மேல் பொறுமை இல்லை. "பிள்ளையைத்தான் பார்க்காம விட்டா. செடியையும் விடறாளே."

யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு சரசாளை நோக்கி ஓரடி வைத்தாள். கோகிலா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு குனிந்து படிக்கடியில் புகுந்து, தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, வாசலுக்கு வெளியே, தெருவில் வைத்தாள்.

"நீங்களே பார்த்துக்குங்க" என்றாள்.

அந்த வாரம்தான் மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டிக் கோயில் முன்னால் நட்டு, மஞ்சள் பூசி, அம்மனுக்குப் புருஷனாக நிறுத்தி, பண்டிகை முடிகிறவரை பெண்கள் ஈரச்சேலையோடு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகக் குடம் குடமாக ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். கம்பம் குளிர்ந்தால் ஊர் குளிரும். பூசாரி தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தார், கழற்றாமல் மிஞ்சியிருந்த கடைசித் தண்டில் மூன்று இலைக்காம்பு பிரிந்திருப்பதைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார். "மூணு கிளை. இதுவும் கம்பந்தான். கம்பத்துக்கு ஊத்தற கையோட இதுக்கும் ஊத்துங்க" என்றார்.

ஊற்றினார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள், பசும்பால் ஊற்றினார்கள், விரதமிருந்து ஊற்றினார்கள், தலைக்குக் குளித்துவிட்டு ஊற்றினார்கள், வேண்டிக்கொண்டு அழுதுகொண்டே ஊற்றினார்கள். பொங்கியண்ணன் வீட்டிலிருந்து பன்னீர் வந்தது. சரசாள் காவிரியிலிருந்து தலைச்சுமையாகக் குடம் கொண்டுவந்து, கீழே சிந்தாமல், பெற்ற பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். அவ்வளவு அன்பை அந்தத் தெரு அதற்கு முன்னால் யாரிடமும் காட்டியதில்லை. தொட்டியின் அடியிலிருந்து மஞ்சளாக ஒழுகிக்கொண்டே இருந்தது, பிறகு பழுப்பாக ஒழுகியது, பிறகு ஈ மொய்த்தது.

கோகிலா கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன.

ஒரு மத்தியானம் தெரு வெறிச்சோடியிருந்தபோது வசந்தாமணி போய்த் தொட்டிக்குள் விரலைவிட்டுக் கிளறினாள். கிழங்குகள் கைக்கு வந்தன. குழைந்துபோய், தொட்டதும் தோல் கழன்று, விரலிடுக்கில் வழிந்தன. கெட்டியாக ஒன்றாவது இருக்குமா என்று அடிவரை துழாவினாள். அடிமண்ணும் சேறாகத்தான் இருந்தது. கையை மோந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் மகளிடம் ஒன்றும் சொல்லாமல் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினாள்.

"போயிருச்சாம்மா?" என்றாள் கோகிலா.

"வெயில் ரொம்ப இருக்குது கண்ணு" என்றாள் வசந்தாமணி.

பண்டிகையின் கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடவேண்டும். பம்பை முழங்க, மஞ்சள் தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டு, தாங்கமுடியாத பாரத்தைத் தூக்குவதுபோலப் பெரிய கம்பத்தைத் தூக்கிப் போனார்கள்; பின்னாலேயே தொட்டியும் ஒரு தலையில் போயிற்று. படித்துறையில் தொட்டியைக் கவிழ்த்தபோது சேறு ஒரு கட்டியாக விழுந்து, கொஞ்ச தூரம் தண்ணீரைக் கலக்கிவிட்டுக் கரைந்தது. சரசாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லபடியா அனுப்பி வச்சுட்டோம். அந்தக் குறையில்ல" என்றாள்.

இனி தூக்கமே கிடையாது என்று பயந்துகொண்டுதான் தெரு வீடு திரும்பியது. களைத்துப்போய்ச் சாப்பிட்டார்கள், பயந்துகொண்டே பாயை விரித்தார்கள், படுத்தார்கள். தூங்கிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, ஒருவர் குறட்டையோடு, ஒருவர் புரண்டு புரண்டு, பழையபடி தறிச் சத்தத்தின் நடுவே ஆளுக்கு ஆள் தனித்தனியாக. செடி வருவதற்கு முன்னாலும் அவர்கள் இப்படித்தான் தூங்கினார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் வெட்கத்தோடு ஞாபகம் வந்தது; வெட்கம் ஒரு வாரத்தில் போயிற்று.

"செடியா தூங்க வச்சுது?" என்றார் பொங்கியண்ணன் டீக்கடையில். "ஒழைச்ச உடம்பு, தூங்குச்சு. நாமதான் அதைப் போயி..."

"சாக்கடைப் புளியாரைங்க அது. நான் அன்னைக்கே மென்னு பார்த்துச் சொன்னேன்" என்றாள் சரசாள்.

செடி இல்லாமல் தூங்க முடியாதவள் அந்தத் தெருவில் ஒருத்தி மட்டும்தான். வசந்தாமணி ஆற்றங்கரைச் செடிக்கடைகள் எல்லாவற்றிலும் அலைந்து அதே மாதிரிச் செடிகள் வாங்கிவந்தாள். வீட்டுக்குள் வரிசையாக வைத்தாள். அவை பூத்தன, மாலையில் அழகாக இலை மடக்கின, கோகிலா அவற்றின் மடிந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சரசாளின் மருமகளுக்குக் குழந்தை பிறந்தது. ராத்திரியெல்லாம் அழுகிற குழந்தை. வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை, மகன் தறியில் விரலை நசுக்கிக்கொண்டு வந்தான். ஒரு சாயங்காலம், வெளிச்சம் போகுமுன்னே, சரசாள் பேரனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், இதற்காகவே காத்திருந்தவர்கள்போல, இடுப்பில் பிள்ளையோடு இன்னும் இரண்டு மூன்று பேர் தெருவைக் கடந்து வந்தார்கள்.

"வசந்தா, தப்பா நினைச்சுக்காத" என்றாள் சரசாள். "எப்படியும் உம் பொண்ணு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. இவனையும் கொஞ்சம் பார்த்துக்கிட்டா நாங்க ஒரு கண்ணு அசருவோம். அவ கையில விட்டா நம்பித் தூங்கலாம், கண்ணையே மூட மாட்டாளே."

வசந்தாமணிக்கு வாய் திறந்தது. அத்தனை நாள் சேர்த்துவைத்த எல்லாமும் வெளியே வருமுன்னே, அவளுக்குப் பின்னாலிருந்து கோகிலா எழுந்து வந்து, கையை நீட்டி, குழந்தையை வாங்கினாள். கழுத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து வாங்கினாள். அதன் மூச்சை உற்றுக் கேட்டாள்.

"மூக்கு அடைச்சிருக்குதுங்கத்தை. ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கணும்" என்றாள். "நீங்க போய்த் தூங்குங்க."